சுமையும் பரிசும்: கரடுமுரடான வழிகளில் நெடுந்தூர ஓட்டம் – ஒரு வரலாற்று நோக்கு

நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கிரேக்கத்தின் மரதன் சமவெளியில் தொடங்கி ஒலிம்பிக் அரங்கில் முடிப்பர். அரங்கையும் தார் வீதியையும் விட்டு நீங்கி, மலைச்சரிவிலும் காட்டுப் பாதையிலும் ஐம்பது, நூறு, நூற்றறுபது கிலோமீற்றர் என ஓடும் ஓட்டமொன்று இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. மரதனுக்குரிய 42.195 கிலோமீற்றரைக் கடந்து செல்வதால் இதனை ‘அல்ட்ரா மரதன்’ என்பர். தமிழில் மீநெடு ஓட்டம் எனலாம். இது மேனாட்டாரின் அண்மைக்காலப் புதுமை என்று கருதுவோர் பலர். அக்கருத்து பாதியளவே பொருந்துவது. போட்டி புதியது, ஓட்டமோ பழையது. கரடுமுரடான வழியிலே நாள்தோறும் ஓடுவது ஒரு காலத்தில் வயிற்றுக்கான தொழிலாக இருந்தது. அத்தொழிலைச் செய்தோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. அதனை விளையாட்டாகச் செய்தோரின் பெயர்களே இடம்பெற்றன. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை, ஈழத்தின் கீழைக்கரை வழியொன்றை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியும் நிலமும்

திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், குச்சவெளிப் பிரதேசத்தில், திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த ஊர் புல்மோட்டை. அதன் வடபுறத்தே கொக்கிளாய்க் கடல்நீரேரி பரந்து கிடக்கின்றது. தென்புறத்தே யான் ஓயா கடலை அடைகின்றது. கரையிலே கிடப்பது சாதாரண மணல் அன்று. இல்மனைற்று, றூற்றைல், சேர்க்கன் முதலிய கனிமங்கள் செறிந்த கருமணல் அது. அதனை அகழ்ந்தெடுப்பதற்காகவே 1957 ஆம் ஆண்டு இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரிலே கடற்றொழில் நெடுங்காலமாக முதன்மையான தொழிலாக இருந்து வந்துள்ளது.

முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்குக் கடலோரமாகச் செல்லும் எவரும் இந்நிலத்தைக் கடந்தாக வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் வன்னிக் காடு, இடையிடையே கடல்நீரேரிகளும், மாரியிலே பெருகும் ஆற்று முகங்களும். யானையும் கரடியும் உலவும் காட்டுப் புறம் அது. மணலிலே நடப்பவனுக்கு உறுதியான நிலத்தில் நடப்பவனிலும் இரு மடங்கிற்கு மேற்பட்ட ஆற்றல் செலவாகின்றது. ஓடுபவனுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு செலவாகின்றது. வெயிலேறக் கருமணல் விரைவிற் சூடாகும். அலை நனைத்த ஈர மணலே கால் புதையாது நின்று தாங்கும். ஆதலின் நெய்தல் நில மக்கள் ஈர மணலின் ஓரமாகவே தம் வழியை வகுத்துக்கொண்டனர். இவ்வீதியின் ஆற்று முகங்களிலே நெடுங்காலம் தோணியும் மிதவையுமே துணை. அம்மிதவையைக் கிழக்கிலங்கை மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் இடைப்பட்ட வீதி பாலங்களுடன் சீர்பெற்றது 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்ததன் பின்னரே ஆகும். திருகோணமலைக்கு இருப்புப்பாதை வந்ததும் 1927 ஆம் ஆண்டிலேதான். அதற்கு முற்பட்ட காலத்தில் இத்தகைய ஊர்களுக்கிடையே செய்தியைக் கொண்டு சென்றவை மனிதக் கால்களும் கடற்கலங்களுமே.

ஓட்டம் தொழிலாக

மரதன் கதையின் நாயகனான பெய்டிப்பிடிசும் ஒரு தொழிலாளியே என்பது மனங்கொள்ளத்தக்கது. கி.மு. 490 இல் பாரசீகப் படை வந்திறங்கியபோது, உதவி வேண்டி ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு அவன் ஓடினான் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஏறத்தாழ 240 கிலோமீற்றர் கொண்ட அவ்வழி மலைகளினூடாகச் செல்வது. ‘நாள் முழுதும் ஓடுவோன்’ எனப் பொருள்படும் பெயரால் கிரேக்கர் அத்தொழிலாளரை அழைத்தனர். வெற்றிச் செய்தி கூறி வீழ்ந்து இறந்தான் என்னும் கதை பிற்காலத்தது. வேலையை முடித்து மீண்ட தூதனைக் காட்டிலும், வீழ்ந்து இறந்த வீரனே பிற்காலத்தார்க்கு உவப்பானவன் ஆனான்.

தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரிலே இன்காப் பேரரசு ‘சாஸ்கி’ எனப்பட்ட அஞ்சல் ஓட்டக்காரரை நிறுத்தியிருந்தது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி ஓடிய முறையினாலே, முடிச்சுக் கயிற்றில் அமைந்த செய்தி ஒரு நாளில் 200 கிலோமீற்றருக்கு மேற் சென்றது. இந்தியாவில் நிலவிய அத்தகைய முறையினைப் பதினான்காம் நூற்றாண்டில் வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா விவரித்துள்ளார். குதிரை அஞ்சல், கால் அஞ்சல் என இரண்டு இருந்தன. கால் அஞ்சலே விரைவானது என்கிறார் அவர். ஒரு மைலின் மூன்றிலொரு பங்கு தூரத்திற்கு ஒரு நிலையம். ஓட்டக்காரன் ஒரு கையிற் கடிதத்தையும், மறு கையில் நுனியிலே செப்பு மணிகள் கட்டிய கோலையும் ஏந்தி ஓடுவான். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தான் ஆயத்தமாவான். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்த இப்பயணி, பாவாத மலைக்குச் செல்லும் செங்குத்தான வழியில் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதையும் குறித்துள்ளார்.

மணிகட்டிய கோல் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. திருவிதாங்கூர் அரசின் அஞ்சற் சேவையிலும் மணிக்கோல் ஏந்திய அஞ்சலோட்டக்காரர் இருந்தனர். தமிழ் வழங்கிய நாஞ்சில் நாடும் அவ்வரசின் கீழ் இருந்ததாகும். 1951 இல் அச்சேவை இந்திய அஞ்சற்றுறையுடன் இணைக்கப்பட்டது. இலங்கையிலே ஒல்லாந்தர் அமைத்த அஞ்சல் ஒழுங்கினைப் பின்பற்றிப் பிரித்தானியர் 1798 இல் தபாற் சேவையைத் தொடங்கினர். 1830 களிற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடிற்று. 1857 இல் தபால் முத்திரை வெளிவந்தது. வண்டி செல்லும் பெருந்தெரு இல்லாத இடமெங்கும் தபாலோட்டக்காரரே பையைச் சுமந்தனர். இருப்புப்பாதையும் பெருந்தெருவும் எட்டும் அளவிற்கு அவர்தம் தொழில் சுருங்கி, இறுதியில் இல்லாது போயிற்று.

இத்தொழிலாளரின் உள்ளத்தை இலக்கியம் ஓரளவு உணர்ந்தது. வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சாரியர் ‘ரானார்’ என்னும் கவிதையிலே, விளக்கேந்தி இரவிலே ஓடும் தபாற்காரனைப் பாடினார். பிறர் பணம் நிறைந்த பையைச் சுமந்தும் அதிலொரு காசைத் தொடவியலாத வறியவன் அவன். கவிஞர் 1947 இல், இருபது வயதிலேயே மறைந்தார். சலில் சௌதுரியின் இசையில் ஹேமந்த முகர்ஜி பாடியதால் அக்கவிதை வங்கமெங்கும் பரவிற்று. ஓட்டக்காரனின் சுமைக்கும் அவனது ஊதியத்துக்கும் இடையிலுள்ள முரண்பாடு இதனினும் தெளிவாகச் சுட்டப்பட்டது அரிது.

மலையகத்தின் ஒற்றையடிப் பாதைகள்

கரடுமுரடான வழியும் தமிழர் கால்களும் பற்றிப் பேசுகையில் மலையகத்தைக் கூறாது விடுதல் இயலாது. கோப்பிப் பயிர்ச்செய்கை வளர்ந்த காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். ஏறத்தாழ 150 மைல் கொண்ட அவ்வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் மிகப் பலர். அவர்கள் எவரும் தம் நடையைச் சாதனை எனக் கருதியவரல்லர். கருத இடமும் இல்லை.

தோட்டங்கள் தோன்றிய பின்னர் மலைச்சரிவுகளிலே ஒற்றையடிப் பாதைகளும் வண்டிப் பாதைகளும் வெட்டப்பட்டன. தோட்டத்துத் தபாற்காரன் அப்பாதைகளில் நாள்தோறும் இறங்கித் தபாற் கந்தோருக்குச் சென்று, துரையின் கடிதங்களையும் தொழிலாளரின் கடிதங்களையும் சுமந்து மீண்டும் ஏறுவான். மழையும் அட்டையும் மூடுபனியும் அவன் வேலையை நிறுத்தா. இன்று மலை ஓட்டத்துக்கெனப் பயில்வோர் பணம் செலவிட்டுத் தேடும் ஏற்ற இறக்கமும் குளிரும் சேறும் அவனுக்கு அன்றாடப் படியின் பகுதியாக வாய்த்திருந்தன.

தொழில் விளையாட்டாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இயந்திரப் போக்குவரத்து வளர்ந்து, செய்தி கொண்டோடும் தேவை குறைந்த நாடுகளிலேயே மலையோட்டம் விளையாட்டாக உருவெடுத்தது. தேவை அகன்ற பின்னரே ஒரு செயல் பொழுதுபோக்காக முடியும் என்னும் பொது விதிக்கு இதுவும் எடுத்துக்காட்டாகும். இங்கிலாந்தின் கிராஸ்மியரில் மலை வழிகாட்டிகளின் ஓட்டப்போட்டி 1868 இல் தொடங்கிற்று. பயணிகளுக்கு வழிகாட்டிப் பிழைத்தோரே அதில் ஓடினர். 1895 இல் வில்லியம் சுவான் என்பார் பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிஸ் உச்சிக்கு ஓடி மீண்டார். எடுத்த நேரம் 2 மணி 41 நிமிடம். அவர் புறப்பட்ட இடம் போர்ட் வில்லியம் நகரின் பழைய தபாற் கந்தோர் என்பது பொருத்தமான ஒரு தற்செயல். 1932 இல் விடுதி நடத்தி வந்த பொப் கிரகாம் என்பார் 24 மணி நேரத்துள் 42 குன்றுகளை ஏறியிறங்கினார்.

தென்னாபிரிக்காவில் 1921 இல் தொடங்கிய ‘கொம்ரேட்ஸ்’ ஓட்டம் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. முதலாம் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக, புகையிரத இயந்திர ஓட்டுநரான விக் கிளப்பம் அதனைத் தொடக்கினார். பீற்றர்மரிற்ஸ்பேர்க்கிலிருந்து டேர்பன் வரை நடந்த முதல் ஓட்டத்தில் 34 பேர் பங்கு கொண்டனர். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் சந்ததியினர் பெருந்தொகையாக வாழும் நேற்றால் மண்ணிலேதான் இவ்வோட்டம் நடைபெறுகின்றது. ஆயினும் வெள்ளையரல்லாதாரும் பெண்களும் 1975 வரை முறையாக அதில் அனுமதிக்கப்படவில்லை. 1935 இல் றொபேட் எம்ற்ஷாலி என்னும் கறுப்பினத்தவர் பதிவின்றியே ஓடி முடித்தார். சுமக்கும் வேலைக்கு எவரும் தடை சொல்லாத கால்களுக்கு, பரிசுக்குரிய வழி அடைக்கப்பட்டிருந்தது.

அமெரிக்காவின் சியெரா நெவாடா மலைகளிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். நோர்வேயிற் பிறந்த ஜோன் தொம்சன் என்பார் 1856 முதல் இருபது ஆண்டுகள் மாரி காலந்தோறும் பனிச்சறுக்குப் பலகையிற் சென்று, பிளசர்வில்லுக்கும் ஜெனோவாவுக்குமிடையே தபாற் சுமையைக் கொண்டு சென்றார். அரசிடம் ஊதியம் வேண்டி மனுச் செய்தும் உரியது கிடைக்காமலே 1876 இல் இறந்தார். அம்மலைத்தொடரிலேயே 100 மைல் குதிரைப் போட்டியொன்று பின்னர் தோன்றிற்று. 1972 இல் போர்ட் றைலி படைமுகாமிலிருந்து வந்த வீரருள் எழுவர் அத்தூரத்தைக் கால்நடையாகக் கடந்தனர். 1974 இல் கோர்டி எயின்ஸ்லீ குதிரையின்றியே போட்டியிற் கலந்து 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். இன்றைய 100 மைல் மலையோட்டங்களின் தொடக்கமாக அந்நாளே கொண்டாடப்படுகின்றது.

1982 இல் பெருஞ்சுரங்கம் மூடப்பட்டு வேலையின்மையால் வாடிய லெட்வில் நகரிலே, மறு ஆண்டு ஒரு மலையோட்டம் தொடங்கப்பட்டது. நகருக்குப் பயணிகளை வரவழைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வோட்டத்தில் 1993 இல் மெக்சிக்கோவின் ராராமுரிப் பழங்குடியைச் சேர்ந்த 55 வயது விக்ரோறியானோ சூரோ, பழைய வண்டிச்சக்கர இறப்பராற் செய்த செருப்புடன் ஓடி முதலிடம் பெற்றார். 2003 இல் மொண்ட் பிளாங்க் மலையைச் சுற்றி முதன்முறை நடந்த ஓட்டத்தில் 700 இற்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். இறுதிவரை ஓடியோர் 67 பேரே. அவர்களுள் முதல்வராக வந்தவர் நேபாளத்தைச் சேர்ந்த தச்சிரி செர்பா. மலைச்சுமை தூக்குவோராகவே உலகம் அறிந்த இனத்தவர் பரிசுக்குரியவராகவும் அறியப்பட்டது இவ்வாறே. இந்தியாவிலும் 2010 முதல் லடாக்கின் உயர்ந்த கணவாய்களினூடாக ‘லா அல்ட்ரா’ என்னும் ஓட்டம் நடைபெறலாயிற்று.

பயிற்சியின் இயல்பு

இவ்வோட்டத்திற்கான பயிற்சியை நோக்குமிடத்து, பழைய தொழிலாளரின் அன்றாட வாழ்வை அது திட்டமிட்டு மீளப் படைக்கின்றது என்பது புலனாகும். முதலாவது, பெரும்பகுதி ஓட்டம் மெதுவாகவே செய்யப்படும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே அடிப்படை. உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து சில மணி நேர ஓட்டத்துக்கே போதுமானது. அதன் பின்னர் கொழுப்பை எரித்தும் இடையிடையே உண்டும் செல்லவேண்டும். மெதுவான நீண்ட ஓட்டம் கொழுப்பை எரிக்கும் திறனை வளர்க்கின்றது. ஓடிக்கொண்டே உண்பதற்கு வயிற்றையும் பழக்குகின்றது.

இரண்டாவது, அடுத்தடுத்த இரு நாள்களில் நீண்ட ஓட்டம் செய்வர். முதல் நாளின் களைப்போடு இரண்டாம் நாள் ஓடுவதால், போட்டியின் பிற்பகுதியில் நேரும் நிலைமைக்கு உடலும் உள்ளமும் ஆயத்தமாகின்றன. தபாலோட்டக்காரனுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டாம் நாளே.

மூன்றாவது, இறக்கத்திற்கான பயிற்சி. ஏற்றமே கடினம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் தசைக்கு மிகுந்த சேதம் இறக்கத்திலேயே நிகழ்கின்றது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்கி உடலின் வேகத்தைத் தடுக்கும்போது அதன் நார்கள் நுண்ணியதாகக் கிழிகின்றன. சிறிது சிறிதாக இறக்கத்திலே பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு பாதிப்படைவதில்லை. ஏற்றத்திலோ, தேர்ந்த ஓட்டக்காரரும் செங்குத்தான இடங்களை நடந்தே கடப்பர். நடப்பது இழுக்கு என்ற எண்ணம் இவ்வோட்டத்தில் இல்லை.

நான்காவது, வெப்பமும் நீரும். வெப்பத்திற்கு உடல் பழக ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள்கள் வேண்டும். குறைவாகக் குடிப்பது தீங்கு. அளவிறந்து குடிப்பதும் தீங்கே. குருதியின் உப்புச் செறிவு குறைந்து உயிருக்கே இடர் நேரலாம். தாகத்தின் அளவறிந்து குடிக்கவேண்டும் என்பதே இன்றைய மருத்துவர் பலரின் கருத்து.

இத்துணைப் பயிற்சி பெற்றோரும் இயற்கையின் முன் எளியரே. 2021 மே 22 இல் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீற்றர் மலையோட்டத்திலே திடீரெனக் குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் தாக்கின. 172 பேருள் 21 பேர் குளிரால் இறந்தனர். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரரும் இறந்தோருள் இருந்தனர். அம்மலையிலே ஆடு மேய்த்துக் கொண்டிருந்த இடையர் ஒருவர் ஓட்டக்காரர் அறுவரைத் தாம் ஒதுங்கியிருந்த குகைக்குக் கொண்டு சென்று, தீ மூட்டிக் காப்பாற்றினார். வழியை அறிந்தவன் அவ்வழியில் வாழ்பவனே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

வழி யாருடையது?

மீண்டும் கீழைக்கரையை நோக்கலாம். செய்தி சுமக்கும் தொழில் மறைந்த பின்னரும் இவ்வழியிலே நெடுநடை மறையவில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை செல்லும் பாத யாத்திரை, முல்லைத்தீவு, கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை எனக் கரையோரமாக ஏறத்தாழ ஒன்றரை மாதம் நீள்வது. பள்ளிவாசலையும் தன்னருகே கொண்ட கதிர்காமத்தை நோக்கி நடப்போர், இந்துக் கிராமங்களையும் முஸ்லிம் கிராமங்களையும் சிங்களக் கிராமங்களையும் கடந்தே செல்கின்றனர். உணவும் நீரும் அவர்களுக்கு வழியிலுள்ள ஊர்களிலேயே கிடைத்தாகவேண்டும். ஊர் இல்லையெனில் யாத்திரை இல்லை.

இவ்வுண்மையைப் போர் கசப்பாகக் கற்பித்தது. 1983 இன் கலவரங்களை அடுத்து யாத்திரை தடைப்பட்டது. 1984 ஆம் ஆண்டு இறுதியிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் இடம்பெயர நேர்ந்தது. 1980 களின் இறுதியில் யாத்திரை மீளத் தொடங்கியும் போர்க்காலமெங்கும் தடையின்றி நடக்க இயலவில்லை. 2009 இன் தொடக்க மாதங்களில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமுற்றோர் கப்பலிலே புல்மோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, இந்திய மருத்துவக் குழுவொன்று அங்கு அமைத்த கள மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றனர். எத்தனையோ தலைமுறைகள் நடந்து கடந்த தூரத்தை அன்று கடல்வழியாக மட்டுமே கடக்க முடிந்தது.

மலையகத்திலோ நிலைமை வேறு. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, 22 கட்டங்களும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட ‘பீக்கோ’ நடைவழி அண்மையில் வகுக்கப்பட்டுள்ளது. உலகெங்குமிருந்து வருவோர் அதிலே நடக்கின்றனர், ஓடுகின்றனர். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அப்பாதைகளை வெட்டியோரும் அவற்றிலே தபாலும் கொழுந்தும் சுமந்தோரும் யார் என்பதை அங்கு வருவோர் அறிதல் வேண்டும். அறியாவிடின் இயற்கைக் காட்சி மட்டுமே எஞ்சும், வரலாறு எஞ்சாது.

ஓட்டம் விளையாட்டாக மாறியதிலே குற்றமில்லை. கட்டாயத்தால் ஓடிய கால்கள் விருப்பத்தால் ஓடுவது மனித முன்னேற்றமே. எம்ற்ஷாலிக்கு அடைக்கப்பட்ட வழி இன்று திறந்திருப்பதும், சுமைகாரரின் மைந்தர் பரிசு பெறுவதும் அம்முன்னேற்றத்தின் கூறுகளே. எனினும் முன்னவரை மறந்த முன்னேற்றம் குறையுடையது. தபாற்றிணைக்களத்தின் பழைய பதிவேடுகளும், தோட்டங்களின் செக்ரோல்களும், முதியோரின் நினைவுகளும் இவ்வரலாற்றுக்கான மூலங்களாக உள்ளன. பதிவேடுகள் கரையானுக்கு இரையாகின்றன. முதியோர் ஆண்டுதோறும் மறைகின்றனர். புல்மோட்டைக் கரையிலும் மலையகச் சரிவிலும் யார் எச்சுமையுடன் எவ்வழியே சென்றனர் என்பதை ஊர் ஊராகச் சென்று கேட்டுப் பதிவு செய்வது பல்கலைக்கழக மாணவரால் இயலக்கூடிய பணியாகும். அப்பணி நிறைவேறுமாயின், நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றிலே வென்றோரின் பட்டியலுக்கு அருகே, சுமந்தோரின் பட்டியலொன்றும் இடம்பெறும்.